ஷாகுல் பாய் சாப்பிட்டுவிட்டார்

ஷாகுல் பாய் இறந்துபோன செய்தி எனக்கு இத்தாலிய மொழியில் வந்தது. பெரிய முதலியார்சாவடியில் நான் வேலை பார்க்கும் விடுதியில், சாயங்கால மேசைகளுக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தேன். இத்தாலியில் பாய் சமையல்காரராக இருந்த பண்ணை வீட்டின் சொந்தக்கார அம்மாள் போனில் அழைத்தார். அழுகைக்கு நடுவே அவர் சொன்னதை இப்படித்தான் கோத்துக்கொண்டேன்: விருந்தாளிகள் வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், பாய் உள்ளே அடுப்புக்கு முன்னால் விழுந்தார், மருத்துவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆம்புலன்சை வீட்டின் பின்பக்கமாக வரச் சொன்னார்களாம். அப்புறம் அந்த அம்மாள், "அவர் மனைவிக்கு நீதான் சொல்ல வேண்டும், அங்கே என் மொழி தெரிந்தவன் நீ ஒருவன்தான்" என்றார். அந்த மொழியில் எனக்கு மறுத்துப் பேசத் தெரியும். அன்றைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மரக்காணம் பள்ளிவாசலில் அவர் காய்ச்சிய நோன்புக் கஞ்சியை வாங்கிப்போனவர்கள் இன்னும் பலர் இருக்கிறீர்கள். அவர் பிரியாணி இல்லாமல் கல்யாணத் தேதி வைக்கமாட்டேன் என்று அடம்பிடித்தவர்களும் இருக்கிறீர்கள். கடைசியாக அவர் முகத்தைப் பார்க்க நம்மில் ஒருவருக்கும் கொடுத்துவைக்கவில்லை. உடல் வந்துசேர எத்தனை நாளாகும் என்று யாராலும் சொல்ல முடியாததால், அங்கேயே பக்கத்து நகரத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள். இதில் ஆறுதலான வார்த்தை எதுவும் இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். என்னிடம் அது இல்லை.

கிளியனூரில் ஓட்டல் வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த என்னை அந்த வீட்டுக்கு வரவழைத்தவர் அவர்தான். மலைச்சரிவில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழைய கல்வீடு. அங்கே வருகிறவர்கள் ஒரு வாரம் தங்குவார்கள். அந்த ஒரு வாரமும் அவர்களுக்குச் சாப்பிடுவதுதான் வேலை. காலையில் தோட்டத்தில் நடப்பார்கள். மாவு பிசைந்து பாஸ்தா செய்யக் கற்றுக்கொள்வார்கள். நிலவறைக்குப் போய் வைனை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிட்டுத் தலையாட்டுவார்கள். மதியம் ஒன்றரைக்கு மரத்தடியில் நீள மேசையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஐந்து மணியாகும். முதலில் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும், அப்புறம் பாஸ்தா, அப்புறம் இறைச்சி, அப்புறம் பழம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பேச்சு, சிரிப்பு, சும்மா மலையைப் பார்ப்பது. நான் வைன் ஊற்றுவேன், தட்டு எடுப்பேன். பாய் சமைப்பார்.

எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. நம் பக்கத்துப் பந்தியில் ஒருவன் கடைசி வாயை மெல்லும்போதே அடுத்தவன் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவான். அந்தப் பழக்கத்தில் நான் அவசரமாகத் தட்டைத் தூக்க, ஒரு பெண்மணி என் கையைப் பிடித்து நிறுத்தினார். சமையலறைக்குள் வந்து பாயிடம் பொருமினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "பசிக்கு சமைக்கிறது ஈஸிப்பா. இவங்க பசிக்காம உக்கார்றாங்க. இவங்களுக்குத்தான் பயந்து பயந்து சமைக்கணும்." இன்னொரு நாள், அறுவடைக்கு வந்த கூலிக்காரர்கள் வெயிலில் குனிந்து நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "நம்ம ஊர்ல உப்பு, இங்க திராட்சை. ரெண்டும் வெயில்லதான் வெளையுது. நெழல்ல உக்காந்து சாப்புட்றவங்க வேற ஆளுங்க" என்றார். அவர் அப்பா உப்பளத்தில் வாரிக்கொட்டியவர். குறையாக அவர் அதைச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அவர் செய்த சாப்பாட்டில் பாதியை அவர் ருசி பார்த்ததே இல்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. மாட்டிறைச்சியைச் சிவப்பு வைனில் மணிக்கணக்காக வேகவைப்பது அந்த வீட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பதார்த்தம். பாய் வைனைத் தொடமாட்டார். மசாலாவை வதக்கி, இறைச்சியைப் போட்டுவிட்டு, ஓரமாக நகர்ந்து நின்று என்னைக் கூப்பிடுவார். "ஊத்துப்பா ஆரோக்கியம். உங்க சாமியாரு கோயில்லயே குடிக்கிறாரு. உனுக்கு ஒண்ணும் ஆவாது." நான் ஊற்றுவேன். அப்புறம் ஆவியை மோந்து பார்த்தே உப்புப் போடுவார். நோன்பு வைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சிப் பழகியவருக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனாலும் ஒரு கரண்டி எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டி, "உப்பு?" என்பார். அவ்வளவுதான் கேள்வி. ஒருமுறை எனக்குச் சளிபிடித்திருந்தபோது சரியாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். அன்று போன இறைச்சி முழுசாகத் திரும்பி வந்தது. ஒரு வாரம் என்னை நாக்கு செத்தவன் என்றே கூப்பிட்டார்.

அப்படியானால் அவர் என்ன சாப்பிட்டார்? ரொட்டி, தக்காளி, அவித்த முட்டை. எப்போது? விருந்தாளிகள் எல்லோரும் எழுந்துபோன பிறகு, ஐந்தரை மணி வாக்கில். எங்கே? பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், ஈரப் பலகைமேல் தட்டை வைத்துக்கொண்டு, நின்றபடி. உட்காருங்கள் பாய் என்று எத்தனையோ முறை நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறேன். "உக்காந்தா காலுக்கு வலி தெரிஞ்சிடும்பா. நின்னுக்கிட்டே இருந்தா அதுக்குத் தெரியாது" என்பார். நாலு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுவதற்கென்றே கட்டி வைத்த வீட்டில், என் கண்முன்னால், அந்த மனிதர் ஒருநாள்கூட உட்கார்ந்து சாப்பிடவில்லை.

ஆனால் தினமும் காலை பத்து மணிக்கு அவர் ஊருக்குப் போன் செய்து, "சாப்ட்டேன், நீ சாப்புடு" என்று சொல்லுவார். அங்கே பத்து என்றால் இங்கே ஒன்றரை. அந்த நேரத்தில் அங்கே பாஸ்தாவுக்கு உலைகூட வைத்திருக்கமாட்டோம். போனின் அந்தப் பக்கம் இருந்தவர் அவர் மனைவி, மைமூன் அக்கா. கணவன் சாப்பிடாமல் அக்கா சோற்றில் கை வைக்கமாட்டார். யாரும் சொல்லி வந்த பழக்கமில்லை, கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். பாய் வெளிநாடு போன முதல் வாரத்தில், அவர் எப்போது சாப்பிட்டாரோ என்று தெரியாமல் இருந்து இருந்து, மயங்கி விழுந்துவிட்டாராம். அன்றிலிருந்து தொடங்கிய பொய் அது. வெறுமனே சாப்பிட்டேன் என்றால் அக்கா விடமாட்டார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். முதல்நாள் விருந்தாளிகளுக்குப் பரிமாறியதை எல்லாம் பாய் தன் தட்டில் விழுந்ததாக விஸ்தாரமாகச் சொல்லுவார். பொய் சொல்லாதவர் என்று ஊரில் பேர் வாங்கியவர். ஒருமுறை கேட்டேவிட்டேன். "அவ பசியோட இருக்கக் கூடாதுப்பா. அல்லா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மைமூன் அக்காவை அந்த நீள மேசையில் ஒருநாள் விருந்தாளியாக உட்கார வைக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. அக்காவோ அந்த வீட்டில் நடப்பதாகப் பாய் சொன்ன எதையும் நம்பவில்லை. மாவு பிசைவதற்கு எவனாவது காசு கொடுப்பானா என்று போனிலேயே சிரிப்பார். அவர்களை இங்கே அனுப்பி வையுங்கள், பரோட்டாக் கடையில் ஆள் தேடுகிறார்கள் என்பார். "அவ வந்து பாக்கணும்பா. பாத்தாத்தான் நம்புவா" என்று பாய் சொல்லிக்கொண்டே இருந்தார். முதல்முறை விசா கிடைக்கவில்லை. அடுத்தமுறை கிடைத்தது. விருந்தாளிகள் இல்லாத வாரமாகப் பார்த்து வரச் சொன்னார் வீட்டம்மாள். அதைக் கேட்டுப் பாய் சமையலறையில் நின்று சந்தோஷத்தில் அழுதார்.

அக்கா வந்திறங்கிய அதே வாரத்தில், மழையால் முன்பு வராமல் போன ஒரு கூட்டம் இப்போது வருகிறோம் என்று வந்து நின்றது. வீட்டம்மாள் சங்கடப்பட்டார். அதனால் என்ன, உங்கள் மனைவியும் அவர்களோடு உட்காரட்டும் என்றார். அக்கா நல்ல சேலை உடுத்தி, தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, வெள்ளைக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்தார். அவருக்கென்று பாய் தனியாகக் கொண்டைக்கடலையும் தக்காளியும் போட்டு பாஸ்தா செய்திருந்தார். நான் கொண்டுபோய் வைத்தேன். அக்கா கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஏதோ பிரார்த்தனைக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்து, பக்கத்திலிருந்தவர் மரியாதைக்குத் தன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவரைப் பார்த்து அடுத்தவர் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மேசை முழுக்க எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. நான் உள்ளே ஓடிப்போய்ப் பாயைக் கூட்டிவந்தேன்.

"சாப்புடு மைமூன்" என்றார் பாய்.

"நீங்க?"

"நான் சாப்ட்டேன்."

"எப்ப சாப்ட்டீங்க? காலையிலேர்ந்து நான் உங்ககூடத்தானே இருக்கேன்."

அவர்கள் இருவரைத் தவிர அங்கே தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எங்கேயாவது போய்விடலாம் போல இருந்தது. அக்கா மரத்தடியிலிருந்து அடுப்படி ஜன்னலைப் பார்த்தார், பிறகு வெயிலைப் பார்த்தார். ஒன்றரை மணிக்கு ஊருக்கு வந்த போனுக்கும் அந்த வீட்டில் சாப்பாடு வெளியே வரும் நேரத்துக்கும் உள்ள தூரத்தை அவர் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. "இத்தினி வருஷமா?" என்று மட்டும் கேட்டார். பாய் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். அக்கா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க வெங்காயம் உரித்தார், மாவு பிசைந்தார், சாயங்காலம் ஐந்தரைக்குப் பாயின் பக்கத்தில் தொட்டியடியில் நின்றுகொண்டு ரொட்டி தின்றார். அவருடைய இத்தாலியப் பயணம் இவ்வளவுதான். திராட்சைத் தோட்டத்துக்குள் ஒருமுறைகூட அவர் நடந்ததை நான் பார்க்கவில்லை.

கடைசி நாளில் கூட்டம் போய்விட்டது. அக்காவுக்கு அன்று மதியம் விமானம் பிடிக்கக் கார் வர வேண்டும். வீட்டம்மாள் மரத்தடியில் இருவருக்கு மட்டும் வெள்ளைத் துணி விரித்துக் கொடுத்தார். பாய் விடிவதற்கு முன்பே சமைத்து வைத்துவிட்டு, முதல்முறையாக அந்த மேசையில், அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவந்து வைத்துவிடவா என்று கேட்டேன், நேரம் குறைவாக இருந்ததால். கூடாது என்றார். விருந்தாளிகளுக்கு எப்படியோ அப்படியே, ஒவ்வொன்றாக, மெதுவாக வரவேண்டும் என்றார். முதல் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். பாய் சாப்பிடவில்லை. பரிமாறிய சாப்பாட்டை முதலில் எதிரே இருப்பவர் வாயில் வைத்து நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும், அதுவரைக்கும் சமையல்காரனுக்குச் சோறு இறங்காது. அக்காவும் சாப்பிடவில்லை. கணவர் முதல் வாய் வைக்க வேண்டும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஏன் தொடாமல் இருக்கிறாள் என்பது அந்த நேரத்தில் பாய்க்கு மறந்தேபோயிருந்தது, அவருக்கு என்ன ஆயிற்று என்று அக்காவுக்குப் புரியவில்லை. பின்னால் கையில் துணியோடு நின்ற எனக்கே புரிய நேரமானது. புரிந்து நான் வாயைத் திறந்தபோது இருவருமே சிரித்துவிட்டார்கள். அக்கா ஒரு வாய் எடுத்தார். பாய் ஒரு வாய் எடுத்தார். வாசலில் கார் ஹாரன் அடித்தது.

மிச்சத்தை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். எல்லாத் தட்டும் வந்திருக்க வேண்டிய மேசையில் முதல் தட்டே முடியவில்லை. அடுத்த வருஷம் நிதானமாக வருகிறேன் என்றார் அக்கா. வரவில்லை. மறுபடியும் விசா கொடுக்கவில்லை.

அதன்பிறகு நடந்ததைச் சொல்வதற்குத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஊருக்குத் திரும்பிய அக்கா, ஒன்றரை மணி போனை நம்புவதை நிறுத்திவிட்டார். அங்கே ஐந்தரை ஆகும்வரை, அதாவது இங்கே இரவு ஒன்பது மணிவரை, சோற்றைத் தொடமாட்டார். காலையில் ஒரு டீ, அதோடு சரி. பாய் என்னென்னவோ செய்து பார்த்தார். காலை பத்து மணிக்கே ஒரு முட்டையைத் தின்று, தின்பதைப் படம் எடுத்து அனுப்பினார். "நின்னுக்கிட்டுத் தின்ற படத்த அனுப்பிட்டு, என்ன மட்டும் உக்காந்து சாப்புடச் சொல்றீங்களே" என்று பதில் வந்தது. முதுகுவலி தாங்காமல் நான் ஊர் திரும்பிய பிறகு, மரக்காணம் பக்கம் போகும்போதெல்லாம் அக்காவைப் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் இளைத்திருப்பார். தினமும் நோன்பு மாதிரி பழகிவிட்டது தம்பி என்பார். பாயிடம் போனில் கத்தினேன். வந்து தொலையுங்கள், அவர்கள் உட்கார்ந்து தின்ன நீங்கள் ஏன் இருவரும் பட்டினி கிடக்கிறீர்கள் என்றேன். "இந்த அறுவடை முடிஞ்சதும் வந்துட்றேம்பா. வந்து அவ எதிர்ல உக்காந்து சாப்புட்றதுதான் இனி வேலை" என்றார். அந்த அறுவடையில்தான் விழுந்தார்.

செய்தி வந்த அன்று, திண்டிவனத்தில் இருக்கும் அக்காவின் அண்ணனுக்குப் போன் செய்துவிட்டு நான் பைக்கை எடுத்தேன். அவர்கள் கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள். நான் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்களைத் தாண்டும்போது இருட்டிவிட்டது, மணி ஏழரை இருக்கும். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புத்தான். அக்கா காலையிலிருந்து ஒரு டீயோடு இருப்பார். அண்ணன் வீட்டார் வந்துவிட்டால் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரியாது, யார் கொண்டுவந்து கொடுத்தாலும் அக்கா தொண்டையில் இறங்காது. அதற்குள் ஒரு வாய் சாப்பிட்டுவிடட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

வாங்க தம்பி, என்ன இந்நேரத்தில் என்று அக்கா கதவைத் திறந்தார்.

"அக்கா, பாய் போன் பண்ணாரு. சாப்ட்டாராம். உங்கள சாப்புடச் சொன்னாரு."

நான் நன்றாகத்தான் சொன்னேன். அக்கா உள்ளே போய்த் தட்டை எடுத்து, சட்டியைத் திறந்து சோறு போட்டார். மீன் குழம்பு மணத்தது. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"அங்க இப்ப நாலு மணிதானே தம்பி. பழம்கூட போயிருக்காது. அவரு எப்பிடி சாப்ட்டிருப்பாரு?"

இன்றைக்கு விருந்தாளிகள் குறைவு என்றேன்.

"எனக்குப் பண்ணாம உங்களுக்கு எதுக்குப் பண்றாரு?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டைத் தள்ளி வைத்தார். நான் சொன்னேன். அந்த அம்மாள் எனக்கு அவர் மொழியில் சொன்னதைத் தமிழில் சொன்னேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அக்கா அலறவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"போறப்ப உக்காந்திருந்தாரா, நின்னுக்கிட்டிருந்தாரா?"

"நின்னுக்கிட்டுதான்கா."

"அப்ப சாப்புடாமதான் போயிருக்காரு" என்றார்.

பாயிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சமையல் எனக்கு வரவில்லை. அவர் பொறுமையும் வரவில்லை. அவர் தினமும் சொன்ன அந்த ஒரு பொய் மட்டும்தான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அவர் கடல் கடந்து சொன்னபோது அது ஒருத்திக்குச் சோறு போட்டது. வீட்டு வாசலில் நின்று நான் சொன்னபோது அதுவே சாவுச் செய்தியாகிவிட்டது. அண்ணன் வீட்டார் வந்து அழத் தொடங்கும் முன்பு அக்கா எழுந்துபோய், தட்டில் போட்ட சோற்றைத் திரும்பச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடினார். மூன்றாம் நாள் நான் போனபோதும் அது அடுப்படியில் அப்படியே இருந்தது. கொட்டிவிடலாமா என்று யாரோ கேட்டார்கள்.